புள்ளியக்கா வரைந்த ஏரி

அந்த அலுவலகத்தின் கதவு மூடும்போதெல்லாம் 'டமால்' என்று சத்தம் போடும். மூன்றாவது மாடி, நீளமான நடை, கடைசி அறை. புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் துள்ளி விழுவார்கள். பழகியவர்கள் பேச்சை அரை நொடி நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். புள்ளியக்கா மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அவள் நாற்காலியில் இருந்தாலும் அறையில் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அவள் செய்த வேலையை அவளுடைய சொந்தக்காரர்களுக்கே விளக்க முடியாது. ஒருவர் புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தால், 'இது என்னுடையது, என்னைக் கேட்காமல் வேறு யாரும் செய்யக் கூடாது' என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் காப்புரிமை. ஆனால் அப்படிக் கேட்பதற்கு முன்னால், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் வேறு யாராவது அதையே செய்து வைத்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். அந்தத் தேடலைத்தான் அந்த அலுவலகம் செய்துகொடுத்தது. தேடுகிறவனுக்கு 'சல்லடை' என்று பெயர். முப்பது வயதிருக்கும், ஒல்லி, எதையும் சலித்து எடுத்துவிடுவான். அவன் சலித்த பிறகு கிடைப்பது நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள ஒரு அட்டவணை. அதைப் பார்த்தால் யாருக்கும் கொட்டாவிதான் வரும்.

அந்த அட்டவணையைப் புள்ளியக்கா படமாக்குவாள்.

கறுப்புத் திரை. ஒவ்வொரு காப்புரிமைக்கும் ஒரு வெளிச்சப் புள்ளி. ஒரே மாதிரி யோசனைகள் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும், தொடர்பில்லாதவை தள்ளிப் போய்விடும். ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தக் காப்புரிமையின் ஓவியம் விரியும். கீழே ஆண்டுகளைக் காட்டும் ஒரு கோடு, அதன்மேல் நகரும் குமிழ். குமிழை இடமிருந்து வலமாக இழுத்தால், அந்திநேரத்தில் ஒரு ஊரில் வீடு வீடாக விளக்கு ஏற்றுவதுபோலப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்கும். வந்தவர்கள் கேள்வி கேட்க வந்ததை மறந்துவிட்டு அந்தக் குமிழையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவள் பேருந்து நிறுவனத்தில் வழித்தட வரைபடம் வரைந்தாள். நிறுத்தங்களில் ஒட்டுவார்களே, அது. அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த வண்டி எங்கே வளையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். தட்டச்சு வேலைக்கென்று இந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம், சல்லடையின் அட்டவணையைப் பார்த்தவள், "இது ஒரு ஊரு மாதிரி இருக்கே" என்று சொல்லி, பழைய தாளின் பின்பக்கத்தில் புள்ளி வைத்துக் காட்டினாள். மேனேஜர் அந்தத் தாளை ஐந்து நிமிடம் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து, புள்ளிகளைப் படமாக்கும் கணினி நிரலைக் கற்றுக்கொண்டாள். பெயரும் ஒட்டிக்கொண்டது.

"நம்ம ஆபீஸ்லயே பெரிய புள்ளி இவங்கதான்" என்று சல்லடை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

"வாய மூடிட்டுச் சலிடா தம்பி" என்பாள் அவள்.

வீட்டில் அவள் பெயர் வேறு. கணவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். "உலகத்துல யாரு எங்க என்ன கண்டுபிடிச்சான்னு படம் போடுற. வீட்டுச் சாவிய எங்க வெச்சேன்னு கேட்டா முழிக்கிற" என்று தினமும் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அவள் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். எதிர்வீட்டுச் சுவரில் இருக்கும் ஈரத் திட்டுகளில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அவள் கண் தானாகவே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை வந்தவர் ஒரு தச்சர். ஐம்பதை நெருங்கிய வயது, சட்டைப் பையில் பென்சில், விரல் நகங்களில் மரத்தூள். கையில் ஒரு துணிப் பை. அதை மேஜையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு கீல். கதவையும் நிலையையும் சேர்த்துப் பிடிக்கும் கீல்தான், ஆனால் இது மரத்தாலானது. நடுவில் சாய்வாக ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் தோல் வளையம்.

"எங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில நர்ஸு. எப்பவும் நைட் ட்யூட்டிதான். காலையில வந்து படுத்தா, நான் கதவத் தொறந்து மூடுற சத்தத்துல எந்திரிச்சிடுவா. இருபது வருஷமா இதே கதை. திட்டுவா பாருங்க, காது கிழிஞ்சிடும்."

"அதனால கீல் செஞ்சீங்களா?" என்றான் சல்லடை.

"கதவ மூடாம இருந்து பாத்தேன், பூனை வந்துச்சு."

அவர் அதை எப்படிச் செய்தார் என்று விளக்கினார். கதவு மூடிக்கொண்டே வரும். கடைசி ஒரு சாண் தூரத்தில் கீலுக்குள் ஒரு சிறிய ஏற்றம் வரும். கதவு தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஏறிக் களைத்துப்போய், மறுபக்கத்துப் பள்ளத்தில் மெதுவாக அமர்ந்துவிடும். ஸ்பிரிங் கிடையாது, எண்ணெய் கிடையாது. ஒரு கதவுத் தொழிற்சாலை அதைச் செய்யத் தயாராக இருந்தது, காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் மட்டும். ஒவ்வொரு கீலிலும் அவர் பெயரைப் பொறிப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பம் வெள்ளிக்கிழமை. அதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது அவருடையதுதானா?

அவர் முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்ததால், சல்லடை போன வாரமே கீல்களைத் தேடி முடித்திருந்தான். புள்ளியக்கா திரையை அவர் பக்கம் திருப்பினாள். எண்ணூற்று நாற்பத்து மூன்று புள்ளிகள். இரும்புக் கீல்கள் ஒரு பக்கம், எண்ணெய் நிரப்பியவை ஒரு பக்கம், ஸ்பிரிங் வைத்தவை பெரிய நகரம்போல வலது ஓரத்தில். எல்லாவற்றுக்கும் நடுவில் வட்டமாக ஒரு இருட்டு. சுற்றிலும் விளக்குகள் எரிய, நடுவில் அசையாமல் கிடக்கும் ஏரி.

தச்சர் அதைத்தான் பார்த்தார். "இது ஏன் இருட்டா இருக்கு?"

"அது காலி. அந்தப் பக்கம் யாருமே போகல."

"என் கீலு எங்க வரும்?"

அவருடைய விளக்கத்தை அவள் நிரலுக்குக் கொடுத்தாள். ஒரு நீலப் புள்ளி திரையின் ஓரத்தில் தோன்றி, இடம் தேடுவதுபோலக் கொஞ்சம் தள்ளாடி, மெதுவாக மிதந்து போய் ஏரியின் நடுவில் நின்றது.

தச்சர் விரலை நீட்டித் தொட்டார். திரையில் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியது.

"தனியா நிக்குது பாருங்க" என்றார். "காலிதானே? நிச்சயமா?"

"காலிதான்" என்றாள் புள்ளியக்கா.

அவர் போனார். கதவு டமால் என்று மூடியது. அன்று முழுவதும் அவள் அந்த ஏரியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே வேறு வேலை செய்தாள்.

அவள் செய்யாமல் விட்ட ஒரு காரியம் இருந்தது.

நிரல் வார்த்தைகளைப் படித்துத்தான் ஒரு புள்ளியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும். ஆனால் மிகப் பழைய காப்புரிமைகள் பல, வெறும் தாளைப் படம் பிடித்துப் போட்டவை. கணினிக்கு அதில் ஒரு வார்த்தையும் தெரியாது. தெரியாததையெல்லாம் அது ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்துவிடும். அலுவலகத்தில் அந்த மூலைக்குப் 'பரண்' என்று பெயர். படத்தைக் கெடுக்கும் என்பதால் பரணை மறைக்க ஒரு பொத்தான் உண்டு. எல்லோரும் அதை அழுத்திவிட்டு மறந்துவிடலாம். ஆனால் புள்ளியக்காவுக்கு ஒரு வழக்கம். பரணில் இருப்பதை ஒவ்வொன்றாக இறக்கி, ஓவியத்தைப் பார்த்து, தன் கையாலேயே இடம் பார்த்து வைப்பாள். அதற்குப் பிறகுதான் படம் முடிந்தது என்று சொல்லுவாள். இந்த வழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பேருந்தே நிற்காத நிறுத்தத்தைக்கூட வரைபடத்தில் விடாதவள் அவள்.

இந்தத் தடவை பரணில் முப்பத்தொன்று இருந்தன. சனிக்கிழமை மாலை அந்த ஏரி முதல் தடவையாகத் திரையில் எழுந்தபோது அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். பத்து வருடத்தில் இவ்வளவு வட்டமான ஏரியை அவள் பார்த்ததில்லை. பரணை மறைக்கும் பொத்தானை அழுத்தினாள். திங்கட்கிழமை காலையில் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை காலையில் தச்சர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

புதன்கிழமை மாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் கண்ணயர்ந்தாள். கனவில் அந்த ஏரிக்கரையில் நின்றாள். சுற்றிலும் எண்ணூறு விளக்குகள். தண்ணீரில் கால் வைத்தாள், குளிர்ச்சியாக இருந்தது. நடக்க நடக்க ஆழம் வரவில்லை. அடியில் ஏதோ வழவழப்பாகத் தட்டுப்பட்டது. குனிந்து தடவிப் பார்த்தாள். படிக்கட்டு. யாரோ செதுக்கிய, பலர் ஏறி இறங்கித் தேய்ந்த படிக்கட்டு.

விழித்தபோது அவளுடைய நிறுத்தம் இரண்டு நிறுத்தத்துக்குப் பின்னால் போயிருந்தது. இறங்கித் திரும்ப நடந்தாள்.

"என்ன, இன்னைக்குப் பஸ்ஸையும் தொலைச்சிட்டியா?" என்றான் கணவன்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தான்.

"போன மாசம் ஒருத்தருக்கு லென்ஸ மாத்திப் போட்டுட்டேன். அவரு மாட்டிப் பாத்துட்டு, ஆஹா, எல்லாமே மெத்துமெத்துன்னு அழகா இருக்குன்னு சந்தோஷமா கெளம்பிட்டாரு. எனக்குச் சாயங்காலம்தான் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"வீடு தேடிப் போய் மாத்திக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் திட்டுறாரு. மாமியார் முகம் தெளிவாத் தெரியுதாம்."

அவள் சிரிக்கவில்லை. "எதுவும் இல்லாமலும் இருக்கலாம், இல்லைங்க?"

"இருக்கலாம்" என்றான். "போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

வியாழக்கிழமை காலை, கூட்டுகிறவர் வருவதற்கும் முன்னால் அவள் அலுவலகத்தில் இருந்தாள். பரணைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மங்கிய தாள்கள், புரியாத மொழிகள். மொழி தெரியாவிட்டாலும் ஓவியம் பேசும். இது இரும்பு, இது ஸ்பிரிங். ஒவ்வொன்றையும் அதனதன் ஊருக்கு அனுப்பி வைத்தாள். பத்து, பதினைந்து, பதினெட்டு. மூச்சு கொஞ்சம் இறங்கியது.

பத்தொன்பதாவது ஒரு மரக் கீல். சாய்வான பள்ளம், உள்ளே வளையம். ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. காப்புரிமை ஓவியங்களில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண் போட்டிருப்பார்கள். இதிலும் இருந்தது. வளையத்துக்குப் பதினாறாம் எண். அதற்கு நேராக எழுதியிருந்த சொல்லை அகராதியில் தேடினாள். தோல்.

அந்தப் புள்ளியை எடுத்து ஏரியின் நடுவில், நீலப் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்தாள். இடைவெளியே இல்லாமல் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

சல்லடை வந்து பார்த்தான். தேதியைக் கவனித்துவிட்டு, "காலாவதி ஆயிடுச்சுக்கா. இத யாரு வேணும்னாலும் செய்யலாம். ஆனா இனிமே எந்தக் காலத்துலயும், யாரும், எனக்குச் சொந்தம்னு கேக்க முடியாது" என்றான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"அறிக்கைக்குக் கீழ சின்னதா ஒரு வரி போட்டுடலாம்மா. படிக்க முடியாத சில பழைய ஆவணங்கள் சேர்க்கப்படலன்னு. பொய் இல்லையே."

"படிச்சிட்டேனே சார்."

"திங்கட்கிழமை காலின்னு சொன்னது நீ. உன் பேருதான் கெடும்."

"கெடட்டும் சார். அவரு நாளைக்கு விண்ணப்பம் போடப் போறாரு. வருஷக்கணக்கா காத்திருந்த பொறகு இல்லன்னு சொல்லுவாங்க. அத நான் இன்னைக்கே சொல்றேன்."

மேனேஜர் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தச்சர் பகல் இரண்டு மணிக்கு வந்தார். கூப்பிட்டதும் நல்ல செய்தி என்று நினைத்திருப்பார்போல, சலவை செய்த சட்டை. புள்ளியக்கா சுற்றி வளைக்கவில்லை. ஓவியத்தைத் திரை முழுக்க விரித்தாள்.

அவர் நின்றுகொண்டே பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். அளவெடுப்பதுபோலத் திரையில் விரலை மடக்கி விரித்து வைத்தார்.

"தோலா?" என்றார்.

"தோல்தான்."

"நான் மூணு மாசம் ரப்பர் போட்டுப் பாத்தேன். வெயில் காலத்துல ஒட்டிக்கும். இவரும் பாத்திருப்பாரு." திரையிலிருந்து விரலை எடுத்தார். "திங்கட்கிழமை காலின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நிச்சயமான்னு கேட்டேன்."

"கேட்டீங்க. இத மட்டும் நான் பாக்காம சொல்லிட்டேன்."

"ஏன் பாக்கல?"

வேறு எதுவும் சொல்லியிருக்கலாம். நீங்கள் முன்னதாக வந்துவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். அவளுக்கு வாயில் வந்தது இதுதான்: "அந்த ஏரி அழகா இருந்துச்சு. அதுல கை வைக்க மனசு வரல."

தச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று சல்லடை தள்ளி நின்றான். அவர் திட்டவில்லை. திரும்பவும் ஓவியத்தைப் பார்த்தார். அப்போதுதான் அதைக் கண்டார். ஓவியத்தில் கதவு பாதி திறந்திருந்தது. திறந்த இடைவெளியில், மெல்லிய கோட்டில், ஒரு கட்டிலின் முனை. அதன்மேல் இரண்டு பாதங்கள்.

"இது யாரு?"

"தெரியலைங்க. உள்ள எழுதியிருக்கறதுல எங்கயும் சொல்லல. கட்டிலுக்கு நம்பர்கூடப் போடல."

"உடம்பு சரியில்லாதவங்களா?"

"பாதம் மட்டும்தான் தெரியுது."

அவர் குனிந்து, மூக்கு திரையில் படும் அளவுக்குப் பார்த்தார். "தூங்குறாங்க" என்றார். "உடம்பு சரியில்லன்னா போர்வைய இழுத்து விட்டிருப்பாங்க. இது அசதியில விழுந்து படுத்த காலு. எனக்குத் தெரியும்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஓவியத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கினார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் கதவைச் சாத்தியபோது எழுந்த சத்தத்தில் மேஜையில் இருந்த பென்சில்கள் உருண்டன. முதல் தடவையாகப் புள்ளியக்கா திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் வரை அவள் மீதிப் பன்னிரண்டையும் இறக்கி வைத்தாள். ஏரி அப்படியேதான் இருந்தது, நடுவில் ஒட்டிய அந்த இரண்டு புள்ளிகளோடு. நீலப் புள்ளியை அழிக்க வேண்டும் என்பது விதி, அது யாருடைய உரிமையும் இல்லை. அழிக்கும் பொத்தானின்மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், நாளைக்கு என்று எழுந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, விண்ணப்பம் போடுவதற்கென்று குறித்திருந்த அதே நேரத்தில், தச்சர் கருவிப் பையோடு வந்து நின்றார்.

"நேத்து கோவத்துல சாத்திட்டுப் போனேன். கீழ் மாடியில ஒரு கொழந்த அழுதுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"தொழிற்சாலையில என்ன சொன்னாங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நேத்தே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் போனை எடுக்கல. அவங்களே செஞ்சுக்குவாங்க. யாரு வேணும்னாலும் செய்யலாமே." சொல்லிவிட்டு ஒரு திருகாணியைப் பல்லில் கவ்விக்கொண்டார். அதனால் அடுத்து அவர் முகத்தில் வந்தது என்னவென்று சரியாகத் தெரியவில்லை.

"வீட்ல?"

திருகாணியை எடுத்தார். "அந்தப் படத்தக் காட்டினேன். தூக்கக் கலக்கத்துல பாத்துட்டு, 'பரவால்ல, அவளுக்கும் யாரோ செஞ்சு குடுத்திருக்காங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டா. அவ்வளவுதான். நான் இருபது வருஷம் மண்டைய ஒடைச்சுக்கிட்டது இவ திரும்பிப் படுக்கறதுக்குத்தான்."

"அது நடக்குதில்ல?" என்றான் சல்லடை.

"நடக்குது. இப்ப நான் பேசினாலும் எந்திரிக்க மாட்டேங்கிறா."

அலுவலகக் கதவின் பழைய இரும்புக் கீல்களைக் கழற்றி, தன் மரக் கீல்களைப் பொருத்தினார். சல்லடை கதவைத் தாங்கிப் பிடித்தான், பிடிக்கத் தெரியாமல் பிடித்துத் திட்டு வாங்கினான். மேனேஜர் தன் அறையிலிருந்து தலையை நீட்டி, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்க வந்து, கேட்காமல் போனார். கதவை மாட்டி முடித்தபோது அது அடியில் தரையோடு உரசியது. தச்சர் உட்கார்ந்து பார்த்து உதட்டைச் சுழித்தார். அடுத்த வாரம் இழைப்புளி எடுத்துவந்து ஒரு நகம் அளவு சீவ வேண்டும் என்றார்.

புள்ளியக்கா அவரைத் தன் மேஜைக்கு அழைத்தாள். ஆண்டுக் குமிழை இடது ஓரத்துக்கு இழுத்து, அவர் கையில் கொடுத்தாள். அவர் மெதுவாக நகர்த்தினார். இருட்டு. ஓரங்களில் சில விளக்குகள். ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய இடத்தில் ஏரியின் நடுவில் அந்த ஒற்றைப் புள்ளி எரிந்தது. பிறகு வெகுதூரம் எதுவும் இல்லை. சுற்றிலும் ஊர்கள் பெருகின, நகரங்கள் வந்தன, ஏரிக்குள் யாரும் வரவில்லை. குமிழ் வலது ஓரத்தைத் தொட்டபோது அதன் பக்கத்தில் நீலப் புள்ளி வந்து நின்றது.

"இத அழிக்கணும்னு விதி" என்றாள்.

"அழிச்சிடுங்க" என்றார் தச்சர். பிறகு, "நான் போனதுக்கப்புறம்" என்றார்.

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். சல்லடை அடுத்த வேலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், குடையோ கூடாரமோ. கதவு மூடிக்கொண்டு வந்தது. பழக்கத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கதவு கடைசி ஒரு சாண் தூரத்தில் தயங்கியது, தரையில் லேசாக உரசியது, ஏறியது, அமர்ந்தது.

எல்லோரும் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் வரவில்லை. எங்கே விட்டோம் என்று சல்லடைக்கு நினைவு வரவில்லை.